சேவலின்ர கொண்டை கறுத்ததுக்கு

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

உன்ர சேவலின்ர கொண்டை ஏன் கறுத்ததெண்டு கேட்டு, அந்தக் குளிர் நாட்டிலயிருந்து நீ அனுப்பின படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தேன். கொண்டை நுனியள் மட்டும்தான் கறுத்திருக்கு. முகத்திலயும் கண்ணைச் சுத்தியும் பரு இல்லை. அதால இது எங்கட மாரியில நுளம்பு பரப்புற கோழி அம்மை இல்லை, கடுங்குளிரில தசை உறைஞ்சு சாகிற பனிக்கடி. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசிப்போடாதை.

கறுத்ததை வெட்டாதை, பிய்க்காதை, தேய்க்காதை. அந்தக் காய்ஞ்ச தோல்தான் அடியில இருக்கிற நல்ல தசைக்கு மூடி. நாலைஞ்சு கிழமையில தானா விழும், சிலதுக்கு இன்னும் செல்லும். மற்றதுகள் கொத்தினா சேவலை வேறாக்கு. நசிஞ்சு மணத்தாலோ, வீங்கிச் சீழ் வந்தாலோ மிருக வைத்தியரிட்டக் காட்டு. நோ தெரியாமல் மரக்கப்பண்ண மனுசருக்குப் பூசுற களிம்பு வேண்டாம், கோழிக்கு நஞ்சாகலாம்.

கால்விரலையும் பார். வெளுத்து விறைச்சிருந்தா 38–40 பாகை செல்சியஸ் தண்ணியில 15–20 நிமிசம் வைச்சு, ஒத்தித் துடை. ஹீற்றருக்குக் கிட்ட வைக்காதை. மரத்த தோல் வேகிறது அதுக்குத் தெரியாது. அண்டைக்கு இரவு திரும்பக் கூட்டுக்குள்ள விடவும் கூடாது. இளகினது மறுபடி உறைஞ்சா முந்தினதை விட மோசம்.

இனி முக்கியமான விசயம். இஞ்ச மாரிக்கு நாலு பக்கமும் தறப்பாள் கட்டுற மாதிரி அங்க கூட்டை இறுக்கி அடைக்காதை. கோழியின்ர மூச்சும் எச்சமும் விடுற ஈரம் வெளியில போகாமல் கொண்டையில படிஞ்சு உறையும். வெறும் குளிரை விட ஈரக்குளிர்தான் கடிக்கும். விடிய யன்னல் கண்ணாடியில தண்ணி கோத்திருந்தா, குனியேக்க மூக்கில காரம் ஏறினா, காத்தோட்டம் காணாதெண்டு அர்த்தம். கோழி குந்தியிருக்கிற தலைமட்டத்துக்கு மேல, கூரையோட ஒட்டித் துவாரம் விடு. காத்து உடம்பில நேர அடிக்கக்கூடாது. கோழி குந்துற தடிக்கு நாலு அங்குல அகலப் பலகையைத் தட்டையாப் போடு, அப்பதான் வயித்து இறகு விரலை மூடும். மரத்தூள் நனைஞ்ச இடத்தை அண்டண்டைக்கு அள்ளு. தண்ணிப் பாத்திரத்தை இரவில வெளியில வை. பகலில ஒடுங்கின வாய் உள்ளதைக் குடு, சேவலின்ர தாடி தோயாது. கொண்டையில பூசுற வாஸ்லினை நம்பி இதுகளை விட்டிடாதை. சூட்டு விளக்கும் வேண்டாம், மரத்தூளில நெருப்புப் பிடிக்கும்.

கொண்டை உறைஞ்ச சேவலுக்குக் கொஞ்சக் காலம் கருப்பிடிக்க வைக்கிற சக்தி குறையலாம். அடைக்கு முட்டை வைக்கிறதைச் சித்திரை கழிய யோசி.

அன்புடன்,
அம்மா