கண்மாய்க்கு அளவெடுக்க வரும் பொறியாளர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சிவகங்கைச் சீமையில் ஒரு மானாவாரிக் கண்மாயை நம்பி இரண்டு ஏக்கர் நெல் போடுகிறவன் எழுதுகிறேன். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குள் இருப்பதால் எங்கள் கண்மாய் ஊராட்சி ஒன்றியக் கணக்கில் வருகிறது. மறுபடி தூர்வார நீங்கள் அளவெடுக்க வருவதாகக் கேள்வி. சந்தோஷம். டேப்பை விரிக்கும் முன் கரையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை நடந்துவிடுங்கள்.

போன தடவை வந்த இயந்திரம், லாரி நிற்க வாகான இடம் என்று கரையடியிலேயே ஆள் உயரத்துக்குத் தோண்டிவிட்டுப் போனது. ஏட்டில் கொள்ளளவு கூடியிருக்கும். ஆனால் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை அந்தக் குழிக்கு மேலே அல்லவா இருக்கிறது! மடை மட்டத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. மோட்டார் வைத்திருப்பவர் மட்டும் இறைத்துக்கொள்வார். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் குழியில் தண்ணீர் பளபளத்தது, கடைமடையில் வயல் வெடித்தது. அதில் ஒன்று என்னுடையது.

இன்னொன்று. வருடக்கணக்காகப் படிந்த களிதான் கரையடியில் கசிவை அடைத்து வைத்திருந்தது. அதை வழித்தெடுத்த பிறகு கரைக்கு வெளியே தரை சொதசொதவென்று ஆகிவிட்டது. கசிவு தெளிவாக வந்தால் பெரிய பயமில்லை. கலங்கி வந்தால் கரை மண்ணும் சேர்ந்து வருகிறது என்று அர்த்தம். ஒரு ஐப்பசி ராத்திரி டார்ச்சும் மணல் மூட்டையுமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மண் கரைதானே என்று தோன்றலாம். சுற்றுக் கிணறுகளில் ஊற்று, ஆடு மாடுக்குத் தண்ணீர், வற்றும்போது ஊத்தாக் கூடையோடு ஊரே இறங்கிப் பிடிக்கும் மீன், கோடையில் வயலுக்கு அடிக்கும் கரம்பை மண், எல்லாம் அந்தக் கரை நிற்பதால்தான்.

ஆகவே முதலில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள். தண்ணீரே வராத கண்மாயை ஆழப்படுத்தி என்ன செய்ய? மண் எடுப்பதானால் கரையை விட்டுத் தள்ளி, தண்ணீர் தேங்கும் உள்வாயில் பரவலாக எடுங்கள். மடை மட்டத்துக்குக் கீழே போக வேண்டாம். மடைக்குப் பலகை இல்லை, சாக்கும் வைக்கோலும் திணித்து வைத்திருக்கிறோம், அதையும் மதிப்பீட்டில் சேருங்கள். அப்புறம், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு. அங்கே நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே, மழைக்காலம் ஓய்கிற சமயத்தில் மண்ணும் புல்லும் வைத்து அரையடி கூடுதலாக நிறுத்துவோம். திடீரென்று பெருமழை வந்தால் பிரித்துவிடுவோம். நிரந்தரமாக உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது காங்கிரீட் கொட்ட வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கலுங்கு வழிய வழியில்லாவிட்டால் கரைதான் உடையும்.

வரும்போது காலை ஏழு மணிக்குள் வாருங்கள். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் எங்கள் நீர்பாய்ச்சி மடைப் பக்கம்தான் இருப்பார். எந்த இடத்தில் கசிகிறது என்று அவரே காலால் மிதித்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்