கணினிப் பெட்டி வருமுன் நேர அட்டவணை

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதமும், ஊரில் தொடங்கப்போகும் கணினிப் பயிற்சி மையத்தின் திட்ட வரைவும் கிடைத்தன. நூலகத்து மாடி அறை வாடகையில்லாமல் கிடைத்ததே பெரிய காரியம். இப்படிப்பட்ட மையங்களை முதலில் விழுங்குவது வாடகைதான்.

வரைவின் முதல் பக்கத்தை மட்டும் மாற்றி எழுது. 'அனைவருக்கும் கணினிக் கல்வி' என்பது பலகையில் எழுத நன்றாக இருக்கும். ஆனால் நாளைக்கு ஒருவர் வந்து "ஜெராக்ஸும் போட்டுவிடலாமே, வருமானம் வரும்" என்றால், வேண்டாம் என்று சொல்ல அந்த வரி உனக்குக் கை கொடுக்காது. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'இந்த ஊரில் யாரும் தன் கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுக்காமல், தன் வேலையைத் தானே கணினியில் முடித்துக்கொள்ள வேண்டும்.' இப்படி வைத்தால் விண்ணப்பம் நிரப்பித் தருவது நம் வேலையில்லை என்பது தெளிவாகிவிடும். அதற்கு இ-சேவை மையம் இருக்கிறது. நாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரலாம், கீபோர்டில் இருப்பது வந்தவரின் கையாக இருக்க வேண்டும்.

மேலூர் வட்டாரத்தில் 2001 வாக்கில் தொடங்கிய 'சாரி' (SARI) என்ற கிராம இணையத் திட்டம் உனக்கு நினைவிருக்கும். ஐஐடி மெட்ராஸின் கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பில் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். அரசுச் சேவைகளை நம்பி நின்றவை, அந்தச் சேவை நின்றதும் தள்ளாடின, பெரும்பாலானவை மூடப்பட்டன. புதுச்சேரியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய மையங்களில் முதலில் ஊருக்கு என்ன தேவை என்று விசாரித்தார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னதால், கணினியைத் தொடாத மீனவருக்கும் மையம் பயன்பட்டது.

எனவே கணினிப் பெட்டிகளைப் பற்றி யோசிக்கும் முன் நேர அட்டவணையைப் போடு. யாருக்காக நடத்துகிறோம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பெண்களுக்குக் காலை 11 முதல் 1 வரை. சமையல் முடிந்திருக்கும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பியிருக்கமாட்டார்கள். நடவு, அறுப்பு நாள்களில் அந்த வகுப்புக்கு ஆளே வராது. இப்போதே விடுமுறை என்று எழுதிவிடு. 4.30 முதல் 6 வரை பள்ளிப் பிள்ளைகள். 6.30க்கு மேல் வேலைக்குப் போகிறவர்கள், தேர்வு எழுதுகிறவர்கள். நீ கல்லூரிப் பெண்களை 7 மணிக்குப் போட்டிருக்கிறாய். இருட்டிய பின் வீட்டில் விடமாட்டார்கள். அவர்களைச் சனி, ஞாயிறு காலைக்கு மாற்று.

ஒரு பெட்டிக்கு இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்தால் மவுஸ் எப்போதும் பையன் கையில்தான் இருக்கும், பெண் பார்த்துக்கொண்டிருப்பாள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வகுப்புக்கு இரண்டு தன்னார்வலர்: ஒருவர் முன்னால் நின்று சொல்ல, ஒருவர் பின்னால் நடந்து பார்க்க. கல்லூரி மாணவர்களை மட்டும் நம்பாதே, செமஸ்டர் தேர்வு வந்தால் காணாமல் போவார்கள்.

பாடத்தை 'உள்ளீட்டுக் கருவிகள் எவை' என்று தொடங்குவதை அடித்துவிடு. முதல் நாளே அவரவர் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்யட்டும். தமிழ்99 விசைப்பலகை முறை போதும்: உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதலதற்குப் புள்ளி தானே விழும். பாமினி எழுத்துரு பக்கம் போகவே வேண்டாம். இங்கே அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் குப்பையாகத் தெரியும். போன் பழகிய பெரியவர்களுக்கு டபுள் கிளிக் வராது. அமைப்பில் அதன் வேகத்தைக் குறைத்து வை, பாதி எரிச்சல் தீரும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு உண்மையில் இடறும் இடம் கோப்பின் அளவு. வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்று கேட்பார்கள். அதைக் குறைக்கக் கற்றுக்கொள்வதற்கே ஒரு வகுப்பு தகும். முதியவர்களுக்கு ஒரு வகுப்பு முழுக்க மோசடி பற்றியே இருக்கட்டும்: பணம் பெற யுபிஐ பின் தேவையில்லை, ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இனி பெட்டிகள். நன்கொடையாக வரும் 12இல் 8ஐ ஓடவிடு, மீதி உதிரிபாகத்துக்கு. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலி உள்ளவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. பழைய பெட்டியிலும் ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) போடு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் போடு, ராம் 8 ஜிபி. லாகின் அமைப்பில் விருந்தினர் கணக்கை இயக்கிவிட்டால், ஒருவர் இறக்கிய ஆதார் பிடிஎஃப் அவர் வெளியேறியதும் அழிந்துவிடும். இதை மறந்தால் டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஊர் முழுக்க ஆதார் கிடக்கும்.

இணையம் வந்தும் எந்தத் தளமும் திறக்காமல் 'பாதுகாப்பில்லை' என்று வந்தால் முதலில் தேதியைப் பார். தாய்ப்பலகையின் சிஆர்2032 பேட்டரி செத்துப்போய்க் கடிகாரம் பின்னால் போயிருக்கும். கணினிகளைக் கேபிளில் ரவுட்டரோடு இணைக்கும் ஸ்விட்சை, 8 கணினிதானே என்று 8 போர்ட்டில் வாங்கிவிடாதே, ரவுட்டருக்கு ஒரு போர்ட் வேண்டுமே. 16 போர்ட் வாங்கு.

மின்சாரம்: பெட்டியும் மானிட்டரும் சேர்த்து 80 வாட் என்று வை. எட்டுக்கு 640. தினம் 5 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 83 யூனிட். விசிறி, விளக்கு தனி. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல் தனி வயர் இழுக்கச் சொல். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை; எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை திறப்பு விழாவை ஒத்திப்போடு.

மாதம் 100 ரூபாய் கட்டணம் இருக்கட்டும், முடியாதவரிடம் கேட்காமல் விட்டுவிடு. வருகைப் பதிவேட்டைக் காட்டிப் பெருமைப்படுவதில் பயனில்லை. மூன்று மாதத்தில் ஒருவர் தனியாகச் செய்ய வேண்டிய பத்து வேலைகளைப் பட்டியலிடு, எத்தனை முடித்தார் என்று குறி.

வரும் 12 பெட்டிகளின் மாடல் எண்ணையும் ராம் வகையையும் எழுதி அனுப்பு. டிடிஆர்3ஆ, டிடிஆர்4ஆ என்று தெரியாமல் ராம் வாங்க முடியாது, ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது.

அன்புடன்,
சேகர்