ராக லட்சணத்தை ஏஐ ஊகித்துச் சொல்லக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இசை பயிலும் பிள்ளைகள் பலர் இப்போது ராக லட்சணத்தை, அதாவது ராகத்தின் சுர அமைப்பையும் இயல்பையும், ஏஐ செயலியிடம்தான் முதலில் கேட்கிறார்கள். பியானோத் தேர்வுக்குப் படிப்பவர்களும் அப்படியே. கேட்பதில் தவறில்லை. ஆனால் ஏஐயின் உள்ளே இயங்கும் மொழி மாதிரி, படித்த எழுத்துகளைக் கொண்டு அடுத்த சொல்லைக் கணிக்கிறது, மேளகர்த்தா என்னும் 72 தாய் ராகங்களின் அமைப்போ கணக்கு. ஆகவே மாதிரியின் நினைவை நம்பாமல், ஒரு சிறு மென்பொருள் கருவியை அழைத்து விடை பெறும்படி ஏஐ முகவரை (கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐ செயலியை) அமைக்க வேண்டும். ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறையாக 2024 நவம்பரில் வெளிவந்த மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால் இந்த இணைப்பை எளிதாக்கியிருக்கிறது. சிங்கப்பூர் மாணவர்களுக்காக இப்படியொரு கருவி செய்ய முனைவோருக்காக இதை எழுதுகிறோம்.

மேள எண்ணிலிருந்து (72 தாய் ராகங்களின் வரிசை எண்ணிலிருந்து) சுரங்களைப் பெறுவது சில வரி நிரல்தான். ரி2, க3 என்று சுரத்தோடு வரும் எண் அச்சுரத்தின் வகையைக் குறிக்கும். 65ஐ எடுத்துக்கொள்வோம். 36க்கு மேல் என்பதால் பிரதி மத்தியமம், அதாவது ம2. 36ஐக் கழித்தால் 29. அதில் ஒன்று குறைத்து 28ஐ ஆறால் வகுத்தால் ஈவு 4, மீதி 4. பூஜ்ஜியத்தில் தொடங்கி எண்ணினால் ஈவு ஐந்தாவது ரி-க சோடியை, அதாவது ரி2 க3ஐக் காட்டும். மீதி ஐந்தாவது த-நி சோடியான த2 நி3ஐக் காட்டும். ச ரி2 க3 ம2 ப த2 நி3, மேசகல்யாணி. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை.

சிக்கல் பெயரில் வருகிறது. எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளின் மதிப்புகளைத் திருப்பிப் போட்டால் மேள எண் வரும் என்பதால், நிரலாளர்கள் தமிழ் எழுத்தைக் கொண்டே கணக்கிடத் துணிகிறார்கள். வடமொழியின் நான்கு ககரங்களுக்கும் தமிழில் ஒரே எழுத்து. கரஹரப்பிரியாவின் முதல் ஒலி இரண்டாம் ககரம். அதன் மதிப்பு 2. அடுத்த ரகரமும் 2. ஆக 22. தமிழ் எழுத்தைப் பார்க்கும் கருவி அதை முதல் ககரமாக எடுத்து 1 என்று கொள்ளும். 12ஐத் திருப்பி 21 என்று சொல்லும். அது கீரவாணி! தீரசங்கராபரணமும் இதே வழியில் 29க்குப் பதிலாக 26 ஆகிச் சாருகேசியில் போய் நிற்கும். பிழை என்றே தெரியாதபடி இன்னொரு நல்ல ராகம் வந்து நிற்பதுதான் ஆபத்து. 72 பெயர்களையும் எண்ணோடு அட்டவணையாகவே வைத்துவிடுங்கள். கரகரப்பிரியா, கரஹரப்ரியா போன்ற எழுத்து வேறுபாடுகளையும் அதிலேயே சேருங்கள்.

அடுத்தது, 12 சுரத்தானங்களுக்கு (ஒலி நிலைகளுக்கு) 16 பெயர்கள். ரி2வும் க1ம் ஒரே இடம். ரி3யும் க2வும் ஒரே இடம். தைவத நிஷாதங்களிலும் அப்படியே. 0 முதல் 11 வரை எண்களை மட்டும் சேமிக்கும் கருவி, கனகாங்கியின் க1ஐ ரி2 என்று எழுதிவிடும். மேற்கத்திய இசையிலும் இதே பிழைதான்: ஏ ஹார்மோனிக் மைனரில் ஜி ஷார்ப்பை ஏ பிளாட் என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகும். எம்ஐடியில் உருவான மியூசிக்21 நிரலகம் சுரத்தின் பெயரையும் ஷார்ப், பிளாட் குறிகளையும் தனித்தனியே வைத்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது பிளாட்டுக்குக் கழித்தல் குறியைக் கேட்கும். ஏஐயோ வழக்கமான பிளாட் எழுத்தைத்தான் போடும். மாற்றித் தரும் வேலையைக் கருவியே செய்யட்டும். பாடுவோரின் ஆதார சுருதியைக் குறிக்கும் கட்டைக் கணக்கில் ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப் என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேளங்களிலிருந்து பிறக்கும் ஜன்ய ராகங்களுக்குக் கணக்கு மட்டும் போதாது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணமும் (ஏறுவரிசை) அவரோகணமும் (இறங்குவரிசை) ஒன்றே: ச ரி2 ம1 ப த2 ச, ச நி3 த2 ப ம1 க3 ரி2 ச. பிரித்துக் காட்டுவது கமகமும் (சுர அசைவு) காலப்பிரமாணமும் (வேகம்) பிடிகளும் (ராகத்துக்கே உரிய சுரத்தொடர்கள்). சுரங்களைக் கொடுத்து ராகம் கேட்டால் கருவி இரண்டு பெயர்களையும் தந்து, வேறுபாட்டையும் ஓரிரு வரியில் சொல்ல வேண்டும். அந்த வரிகளை எழுத வேண்டியவர்கள் இசை ஆசிரியர்கள். 1949 முதல் இயங்கிவரும் சிஃபாஸ் (சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம்) போன்ற அமைப்புகளின் ஆசிரியர்கள் இதற்கு நேரம் ஒதுக்கினால் பெரிய உதவி. கர்நாடக இசையா, இந்துஸ்தானியா, எந்த மரபு என்பதையும் கட்டாய உள்ளீடாக்குங்கள். நம் ஹிந்தோளம் இந்துஸ்தானியில் மால்கௌன்ஸ். அங்கே ஹிந்தோல் என்பது வேறு ராகம்.

கருவியின் விளக்கக் குறிப்பையும் அக்கறையோடு எழுத வேண்டும். அதைப் படித்துத்தான் முகவர் கருவியை அழைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறது. "இசைக்கு உதவும்" என்று மொட்டையாக எழுதினால் அழைக்காமலேயே பதில் சொல்லிவிடும். "ராகத்தின் சுரம், மேள எண், கட்டை பற்றி எது கேட்டாலும் இதை அழை, நினைவிலிருந்து சொல்லாதே" என்று எழுதுங்கள். பெயர் கிடைக்காதபோது வெற்று விடையை அனுப்பவே கூடாது; அந்த வெற்றிடத்தை மாதிரி தன் கற்பனையால் நிரப்பிவிடும். "இப்பெயர் அட்டவணையில் இல்லை" என்ற செய்தியோடு நெருங்கிய பெயர்களையும் அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் ஆசிரியர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்: கரஹரப்பிரியா எத்தனையாவது மேளம்? ஆரபியின் சுரங்களே கொண்ட மற்றொரு ராகம் எது? மூன்றாவதாக, இல்லாத ஒரு ராகத்தின் பெயரைச் சொல்லி ஆரோகணம் கேளுங்கள். அதற்கும் சுரவரிசை வந்தால், அந்தச் செயலியைச் செய்தவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர் ஒருவரும் மென்பொருள் பொறியாளர் ஒருவரும்,
ஈசூன், சிங்கப்பூர்