அங்கோருக்கு வண்டி பிடிக்கும் முன்

அன்புள்ள பாப்பா,

கம்போடியாவில் அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் வண்டி ஏற்பாடு செய்வது பற்றிக் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி உனக்கு நிற்காது, மீதியைச் சொல்ல உன் பையன் விடமாட்டான். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

ஓட்டல்காரர்கள் உனக்கு அனுப்பியிருக்கும் திட்டத்தைப் பார்த்தேன். காலை நாலரைக்குக் கிளம்பி அங்கோர் வாட்டில் சூரிய உதயம், அப்புறம் சின்னச் சுற்று என்கிற கோயில் பாதை முழுவதும், மத்தியானம் பந்தியாய் ஸ்ரேய், சாயங்காலம் பக்கெங் குன்றில் அஸ்தமனம். ஒரே நாளில்! ஐந்து வயதுப் பையனையும் முட்டிவலிக்காரரான சம்பந்தியம்மாவையும் வைத்துக்கொண்டு இது நடக்கிற காரியமா? பத்து மணிக்கே பையன் தரையில் உட்கார்ந்துவிடுவான். சம்பந்தியம்மா வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் மறுநாள் எழுந்திருக்கமாட்டார்.

முதலில் என்ன பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்று நீங்கள் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதற்கப்புறம் அந்த வரிசைக்கு ஏற்ற வண்டியைப் பேசுங்கள். பெரும்பாலானவர்கள் வண்டியை முதலில் பேசிவிட்டு, டிரைவர் கூட்டிப்போகிற வழியில் போய்விட்டு வருகிறார்கள். வழக்கமான பாதையில் போவதால் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே கோயில் வாசலில் போய் நிற்கும்.

சூரிய உதயத்தை விட்டுவிடு. அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். விடியும்போது சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் எழும். குளக்கரையில் நெருக்கியடித்துக்கொண்டு இருட்டில் நின்று, கோபுரங்களின் நிழலைத்தான் பார்ப்பீர்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக ஐவரில் இருவரை அன்றைய நாள் முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் அலையவிட வேண்டுமா? டிரைவரையும் சேர்த்துத்தான் ஐவர் என்கிறேன். மூன்றரைக்கு எழுந்த டிரைவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நெடுந்தூரம் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. வெயில் சாய்ந்த பிறகு மூன்று மணிக்கு மேல் போனால் மேற்கு முகப்பு முழுவதும் வெளிச்சம் விழும். கல்லின் நிறமே அப்போதுதான் தெரியும்.

நான் சொல்லும் வரிசை இது. காலை ஏழு மணிக்குக் கிளம்பி நேராகப் பந்தியாய் ஸ்ரேய். ஊரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். பெரும்பாலான கோயில்களை ஏழரைக்குத்தான் திறக்கிறார்கள், அதனால் அதற்கு முன்னால் போயும் பிரயோசனமில்லை. 967-இல் குடமுழுக்கு நடந்த சிவன் கோயில். சின்னது, தரைமட்டத்தில் இருக்கிறது, பெரிதாக ஏற வேண்டியதில்லை. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரச்செதுக்கு மாதிரி வேலைப்பாடு. ராவணன் கைலாயத்தை அசைக்கும் காட்சியை உன் பையனுக்குக் காட்டு, நன்றாக ரசிப்பான். கிழக்கு வாசல் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஓரமாக எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காரைக்கால் அம்மையார்தான் அது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சம்பந்தியம்மா அந்த இடத்தை விட்டு நகரமாட்டார், பார். அங்கே நேரத்தைக் கணக்குப் பார்க்காதே.

திரும்பும் வழியில் தா புரோம். மரவேர்கள் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் படமெல்லாம் எடுப்பார்களே, அது. அங்கே சீரமைப்பு வேலையில் நம் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு. டிரைவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது: கிழக்கு வாசலில் இறக்கிவிட்டு, மேற்கு வாசலில் வந்து நிற்கச் சொல். சொல்லாவிட்டால் இறக்கிய இடத்திலேயே காத்திருப்பார், நீங்கள் பார்த்த வழியிலேயே திரும்பி நடக்க வேண்டும். உள்ளே தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒருமுறை நடப்பதே சம்பந்தியம்மா முட்டிக்கு அதிகம்.

அங்கிருந்து அங்கோர் தோம் நகரத்தின் கிழக்குப் பக்கமுள்ள வெற்றி வாசல் வழியாக உள்ளே போய், பாயோன் கோயிலைச் சுற்றிக்கொண்டு தெற்கு வாசல் வழியாக வெளியே வரலாம். பாயோனில் கோபுரத்துக்குக் கோபுரம் பெரிய முகங்கள். படிகள் செங்குத்து. மாப்பிள்ளையும் நீயும் மாறி மாறிப் போய்விட்டு வாருங்கள், மற்றவர்கள் மர நிழலில் உட்காரட்டும். தெற்கு வாசலில் பாலத்தின் இருபுறமும் தேவர்களும் அசுரர்களும் பாம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். வாசல் குறுகலானது, வண்டிகள் ஒவ்வொன்றாகத்தான் போக முடியும். வாசலைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொல்லி, இரண்டு நிமிஷம் இறங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் ஓட்டலுக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பிட்டு, பையனைத் தூங்கவைத்து, மூன்று மணிக்கு அங்கோர் வாட். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். இடையில் இப்படித் திரும்பி வருவதை வண்டி பேசும்போதே சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், மத்தியானத்தோடு முடிந்ததென்று டிரைவர் வேறு சவாரிக்குப் போய்விடலாம்.

அங்கோர் வாட்டில் எல்லோரும் மேற்கு வழியாகத்தான் போவார்கள். அகழிமேல் கல்பாலம், அதைத் தாண்டி இன்னொரு நீளமான கல்பாதை, எல்லாமாக அரைக் கிலோமீட்டருக்கு மேல் திறந்த வெயிலில் நடக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்காக நீங்கள் கிழக்குப் பக்கமாகப் போங்கள். மண்பாதை, மரநிழல், கூட்டமும் குறைவு. பாற்கடல் கடையும் சிற்பத் தொகுதி கிழக்குப் பிரகாரத்தின் தெற்குப் பாதியில்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் கிட்டத்தில் கிடைக்கும். ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். நடுவில் மந்தர மலை, ஆமை, விஷ்ணு. ஒரு பக்கம் அசுரர்கள், மறுபக்கம் தேவர்கள், எல்லோருடைய காலும் ஒரே மாதிரி ஊன்றியிருக்கும். வாசுகியின் உடம்பை அவர்கள் பிடித்திருக்கும் பிடியைப் பக்கத்தில் போய்ப் பார். சில படிகள் ஏறினால் போதும். அதைப் பார்த்துவிட்டு சம்பந்தியம்மாவும் பையனும் அதே வழியாக வண்டிக்குத் திரும்பட்டும், கூடவே நீயும் போ. மாப்பிள்ளை உள்ளே புகுந்து, குருக்ஷேத்திரப் போர்ச் சிற்பத்தையும் பார்த்துக்கொண்டு மேற்கு வாசலில் வெளியே வரட்டும். வண்டி உங்களை ஏற்றிக்கொண்டு சுற்றி வந்து அவரை அழைத்துக்கொள்ளும். அகழியின் சுற்றளவே ஐந்து கிலோமீட்டருக்கு மேல். தனி வண்டி வைத்துக்கொள்வது இந்த மாதிரி சௌகரியத்துக்குத்தான். பஸ் டூரில் போனால் யாரும் உங்களுக்காகச் சுற்றி வரமாட்டார்கள்.

உச்சிக் கோபுர மேடைக்கு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டார்கள், படியும் பயங்கரம். ஏற நினைத்தால் தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். மாப்பிள்ளையின் அரைக்கால் சட்டை அங்கே செல்லாது.

சரி, வண்டிக்கு வருகிறேன். அங்கே ரெமோர்க் என்று ஒன்று உண்டு. நம் குதிரை வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கட்டினால் எப்படி இருக்கும், அதுதான். எதிரும் புதிருமாக நாலு பேர் உட்காரலாம், காற்று வரும், சுகமாக இருக்கும். நானும் அம்மாவும் அதில்தான் சுற்றினோம். காத்திருக்கும் நேரத்தில் டிரைவர் வண்டிக்குள்ளேயே தூளி கட்டிப் படுத்துக்கொள்வார். நம் பஜாஜ் ஆட்டோக்களும் அங்கே நிறைய ஓடுகின்றன. நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் ரெமோர்க் என்றுதான் சொல்வேன். ஆனால் பந்தியாய் ஸ்ரேய் வரை போக வர 70 கிலோமீட்டர் தூசியிலும் குலுக்கலிலும் சம்பந்தியம்மாவை உட்கார வைக்கக்கூடாது. கார்தான் சரி. ரெமோர்க்குக்கு ஒரு நாளைக்கு 20 டாலரை ஒட்டியும், காருக்கு 40 டாலரை ஒட்டியும் கேட்பார்கள். தூரக் கோயிலைச் சேர்த்தால் கூடும். ஓட்டல் வழியாகப் பேசினால் அவர்கள் பங்கும் அதில் இருக்கும். நேரே டிரைவரிடம் பேசினாலும் ஓட்டல்காரர்களைக் கேட்டு ஒப்பிட்டுக்கொள்.

வேனோ பெரிய எஸ்யூவியோ வேண்டாம், ஏறி இறங்குவது சம்பந்தியம்மாவுக்குக் கஷ்டம். கேம்ரி மாதிரி தாழ்வான கார் கேள், அங்கே தாராளமாகக் கிடைக்கும். இன்னொன்று, கம்போடியாவில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடும். நீங்கள் சிங்கப்பூரில் இடப்பக்கக் கதவைத் திறந்து இறங்கியே பழகியவர்கள். அங்கே இடப்பக்கம் இறங்கினால் நடுரோடு. அவரையும் பையனையும் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வை, இடப்பக்கக் கதவைப் பூட்டிவிடு. பையனுக்கான சீட்டு தானாக வராது, வேண்டுமென்றால் முன்பே கேட்டு வாங்கிக்கொள்.

கிராப், பாஸ்ஆப் என்ற வாடகை வண்டி ஆப்கள் இரண்டும் அங்கே உண்டு. ஊருக்குள் சாப்பிடப் போக அதுவே போதும். ஆனால் பந்தியாய் ஸ்ரேய்க்கு ஆப்பில் போய் இறங்கிவிட்டு, திரும்பும்போதும் ஆப்பில் வண்டி வரும் என்று நம்பாதே.

பேசியதை எல்லாம் டிரைவருக்கு வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக அனுப்பிவிடு. கிளம்பும் நேரம், கோயில்களின் வரிசை, எந்த வாசலில் இறக்கி எந்த வாசலில் ஏற்றுவது, மத்தியானம் ஓட்டலுக்குத் திரும்புவது, முடியும் நேரம், மொத்தம் எவ்வளவு, அதில் பெட்ரோலும் பார்க்கிங்கும் சேர்த்தியா என்பதெல்லாம். கோயில் பெயர்களை எழுதும்போது கூகுள் மேப் இணைப்பையும் சேர்த்துவிடு. அவர் பதிலுக்கு ஓகே போட்டால் சரி. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதே, சாயங்காலம் இறங்கும்போது கொடு. டாலரே செல்லும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை வாங்கமாட்டார்கள். சில்லறை ரியலாக வரும், சுமார் 4000 ரியல் ஒரு டாலர்.

டிரைவர் வழிகாட்டி இல்லை. உள்ளே கூட வந்து விளக்குவதற்கு உரிமம் பெற்ற கைடுகள் தனியாக இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனிக் கட்டணம். அங்கோர் வாட்டுக்கு மட்டும் அரை நாள் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ராமாயணமும் பாரதமும் தெரிந்த ஒருவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சம்பந்தியம்மாவையே சொல்லச் சொல். வழியில் கடை, பட்டுப் பட்டறை என்று டிரைவர் கேட்டால், வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறவர், அவருக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடு.

டிக்கெட்டைக் கோயில் வாசலில் வாங்க முடியாது. அதற்கென்று ஊர்ப் பக்கம் தனி அலுவலகம் இருக்கிறது. இல்லாவிட்டால் டிக்கெட் விற்கும் அங்கோர் என்டர்பிரைஸின் இணையதளத்தில் முன்பே வாங்கிவிடு. ஒரு நாளைக்கு ஆளுக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. அதில் இரண்டு டாலர் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. அலுவலகத்தில் வாங்குவதானால் மாலை ஐந்துக்கு மேல் போ, மறுநாளைக்கான சீட்டு தருவார்கள், காலையில் அங்கே நிற்கும் நேரம் மிச்சம். சீட்டில் முகப்படம் இருக்கும், ஒருவர் சீட்டில் இன்னொருவர் போக முடியாது. பையனுக்கு இலவசம், ஆனால் வயதைக் காட்ட அவன் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள்.

விமான நிலையம் இப்போது பழைய இடத்தில் இல்லை. 2023 அக்டோபரில் திறந்த புதியது ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதற்கு வண்டியைத் தனியாகப் பேசு. முதல் நாள் இந்த டிரைவரையே வரச் சொன்னால் ஆளையும் ஓட்டுவதையும் பார்த்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் மறுநாளைக்கு வேறு ஆளைத் தேட ஒரு ராத்திரி கையில் இருக்கும்.

நீங்கள் போவது டிசம்பர் கடைசி வாரம். வெயில் தேவலை, மழை இருக்காது, கூட்டம்தான் உச்சம். அதனால் இந்த மாதத்துக்குள் வண்டியைப் பேசி முடித்துவிடு. டிரைவர் ஒப்புக்கொண்ட வாட்ஸ்ஆப் செய்தியை எனக்கும் அனுப்பு. விட்டுப்போனது ஏதாவது கண்ணில் பட்டால் சொல்கிறேன். சம்பந்தியம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா