டெண்டரில் இல்லாத ஒரு வரி

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு,

வணக்கம். 2015-இல் நீங்கள் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் கொள்கை நல்ல கொள்கை. திறந்த மூலம் என்றால், நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மின்னாளுகைத் திட்டங்களில் திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தர வேண்டும், அதை ஒதுக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. மொத்தச் செலவைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. உலகத் திறந்த மூலச் சமூகங்களோடு சேர்ந்து வேலை செய்வோம், பொருத்தமான இடத்தில் பங்களிப்போம் என்றும் ஒரு வரி உண்டு. நான் எழுதுவது அந்த வரியைப் பற்றித்தான்.

ஓர் அரசு இணையதளத்துக்கு டெண்டர் விடுகிறீர்கள். லினக்ஸ் இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், இணையப் பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்று திறந்த மூல மென்பொருள்கள் எல்லாம் உள்ளே இருக்கும். விலைப்பட்டியலில் அவற்றுக்கு நேரே பூஜ்யம். எல்1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை சொல்லி, வரும் நிறுவனம் ஆள்-மாதக் கணக்கில் பணம் வாங்கிக்கொள்ளும். போதாததற்குப் பல டெண்டர்களில் தயாரிப்பாளரிடமிருந்து அங்கீகாரக் கடிதம் வேறு கேட்கிறார்கள். போஸ்ட்கிரெஸுக்கு எந்தத் தயாரிப்பாளர் கையெழுத்துப் போடுவார்? அதன் மேல் சந்தா விற்கும் ஏதோ ஒரு கம்பெனி போடும். ஏசிக்கும் ஜெனரேட்டருக்கும் தவறாமல் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும் அலுவலகம், அந்தத் திட்டத்தையே தாங்கி நிற்கும் மென்பொருளுக்கு மட்டும் போடுவதில்லை.

இதன் விலை என்ன என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோதுதான், இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டிவைத்திருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பது பலருக்குத் தெரிந்தது. 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் மோசம். எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கும் மென்பொருளைப் பெரும்பாலும் ஒரே மனிதர் ஓய்வு நேரத்தில் பார்த்துவந்தார். உதவுவதாக வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்துவிட்டார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆன்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்திராவிட்டால், நம் அரசு சர்வர்களுக்கும் அது வந்து சேர்ந்திருக்கலாம்.

எழுதியவர்களே உரிமத்தை மாற்றிக் காசு கேட்கட்டுமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தார்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் நிறுவனமான எலாஸ்டிக் 2021-இல் மாற்றியது, அமேசான் பழைய நிரலை எடுத்து ஓபன்சர்ச் என்று கிளை பிரித்துக்கொண்டது. தரவை நினைவகத்திலேயே வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ் 2024 மார்ச்சில் மாற்றியது. சில நாட்களில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அதன் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற கிளை பிறந்தது. அதில் அமேசான், கூகுள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் எலாஸ்டிக், ரெடிஸ் இரண்டு நிறுவனங்களும் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தையும் சேர்த்துத் திறந்த மூலத்துக்குத் திரும்பின. அமேசான் போன்ற கிளவுட் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை வைத்து நோகாமல் சம்பாதிக்கின்றன என்ற அவர்கள் கோபம் நியாயமானதே. ஆனால் ரெடிஸில் வெளியார் பலர், யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற முந்தைய பிஎஸ்டி உரிமத்தை நம்பி எழுதிக்கொடுத்த நிரல்களும் உண்டே, அவர்களைக் கேட்டா மாற்றினார்கள்? ராயல்டி கேட்டால் அது திறந்த மூலமே அல்ல என்பது அடிப்படை வரையறை. ஆக, உரிமத்துக்குள் பணத்தைத் திணிக்க முடியாது. வாங்குகிறவர் கையில்தான் அது இருக்கிறது, நாட்டிலேயே மிகப் பெரிய வாங்குபவர்களில் ஒருவர் நீங்கள்.

ஜெர்மனி 2022-இல் இதற்கென்றே அரசு நிதி தொடங்கி இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் போன்ற திட்டங்களுக்குப் பணம் தருகிறது. இங்கே பெங்களூரின் ஜெரோதா, ஒரு பங்குத் தரகு நிறுவனம், 2024-இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது. தனியார் செய்ததை அரசு செய்யத் தயங்குவானேன்?

நான் கேட்பது புதுத் துறையோ தனி பட்ஜெட்டோ அல்ல. ஒவ்வொரு மென்பொருள் டெண்டரிலும் திட்ட மதிப்பில் ஒரு சதவீதத்தை, பயன்படுத்தும் திறந்த மூலத் திட்டங்களின் பராமரிப்புக்கென நிலையான தொகையாக எழுதுங்கள். ஏலத்தில் குறைக்க முடியாததாக இருக்கட்டும். இல்லையென்றால் எல்1 போட்டியில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். எந்தெந்த நிரல் நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) பயன்படுத்தினோம் என்ற பட்டியலை ஒப்பந்தக்காரர் தரட்டும், பணம் அதன்படி போகட்டும்.

வெளிநாட்டுக்காரருக்கு நம் வரிப்பணமா என்று தணிக்கையில் கேள்வி வரும், தெரியும். அப்படியானால் பணமாக வேண்டாம், ஆள்நேரமாகக் கொடுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மேல் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளத்தைக் கட்டியது, உங்கள் அமைச்சகத்தின் கீழுள்ள ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவுதான். அங்குள்ள பொறியாளர்கள் சிலருக்கு டெபியனிலும் போஸ்ட்கிரெஸிலும் பிழை திருத்துவதே முழுநேர வேலை என்று உத்தரவு போட அமைச்சகத்தின் ஒரு கையெழுத்து போதும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு நிரலாளர்