மலை வீட்டு வாசலில் சாய்தளம்: அளவு தப்பினால் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்காக வீட்டு வாசலில் சாய்தளம் கட்டும் வழக்கம் நீலகிரியிலும் வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் மூன்று படிகளை அப்படியே மூடி ஐந்தடி நீளத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டு, அதையே சாய்தளம் என்கிறார்கள். அதில் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் மல்லாக்கக் கவிழும். இறங்கும்போது தள்ளுபவரின் கால் வழுக்கினால் இருவரும் சேர்ந்தே பள்ளத்துக்குப் போவார்கள். படியே பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு ஆபத்தான வேலை இது.

கணக்கு எளிது. ஓரடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம், 18 அடி நீளம். மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் இருக்கும் நம் ஊரில், இடம் இருந்தால் ஓரடிக்கு 15 அடி என்று வைத்துக்கொள்வதே நல்லது. நேராக ஓட இடமில்லையா, மடக்கிக் கட்டலாம். மடங்கும் இடத்தில் ஐந்துக்கு ஐந்தடி சமதளம் அவசியம். கதவுக்கு முன்னாலும் அதே அளவு சமதளம் வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். சரிவில் நின்றபடி ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்து மறு கையால் பூட்டைத் திறக்க யாராலும் முடியாது. அகலம் நான்கடி. இரு ஓரத்திலும் நான்கு அங்குல வரம்பு வைத்தால்தான் முன் சக்கரம் வெளியே இறங்காது.

மேற்பரப்பைச் சிமெண்ட் பால் விட்டு வழவழப்பாகத் தேய்க்கச் சொல்லாதீர்கள். டைல்ஸ் வேண்டவே வேண்டாம். காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துக் கோடு போட்டால் போதும், டயர் பிடிக்கும். எப்படிக் கட்டினாலும் பாசி வரும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். கூரைத் தண்ணீர் சாய்தளத்தின் மேல் சொட்டாதபடி தகரத் தூம்பு வைத்தால் பாதித் தொல்லை குறையும். கொட்டிய மண்ணின் மேல் நேரடியாகக் காங்கிரீட் போட்டால் அடுத்த மழையில் மண் இறங்கி வெடிப்பு விழும். அரையடி அரையடியாகக் கல் நிரப்பி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய பிறகே மேல்வேலை. இந்த நிரப்பைத் தாங்கும் பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விட மறக்கக் கூடாது.

சாலையிலிருந்து 20 படி கீழே இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. பத்தடி இறக்கத்துக்கு 120 அடி நீளம் யாரிடம் இருக்கிறது? அப்போது வாசலை மறந்துவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மலையைச் செதுக்கிக் கட்டிய வீட்டில் முன்பக்கம் பள்ளம் என்றால் பின்பக்கம் மேடு. சமையலறையோ மாடியோ மேட்டில் போகும் நடைத்தடத்தின் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். ஜன்னலைக் கதவாக்கி, ஒரு சிறு பாலம் போட்டால் வேலை முடிந்தது. பக்கத்து வீட்டாரின் தடம் வழியாகப் போக அவர்கள் சம்மதிக்க வேண்டியிருக்கலாம். சாய்தளச் செலவை நினைத்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மேட்டை வெட்டப் பொக்லைன் கொண்டுவருவதாக இருந்தால் முதலில் அனுமதி வாங்க வேண்டும். பின்பக்கமும் வழியில்லை என்றால், ஆளைத் தூக்கிக்கொண்டு ஈரப்படியில் நடப்பதைவிடச் சாலை மட்டத்தில் ஒரு வாடகை வீடு பார்ப்பதே உத்தமம்.

அடுத்தது கதவு. தச்சர் ‘மூன்றடி நிலை’ என்று சொல்வது கதவுச் சட்டத்தின் வெளியளவு. இரு பக்கக் கட்டையும் கதவின் கனமும் போக 29 அங்குலம்கூட மிஞ்சாது. நாற்காலியின் அகலம் 25, 26 அங்குலம் என்பதால் கைமுட்டி உரசும். உள்ளே 32 அங்குலத்துக்குக் குறையாமல் வர மூன்றரையடி நிலை வேண்டும். மழையில் மரம் ஊதிக் கதவு இறுகும். உட்கார்ந்தபடி இழுப்பவருக்கு அந்த வலு கிடைக்காது, எனவே இடைவெளி கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். வாசற்படிக் கட்டையை எடுக்கப் பெரியவர்கள் சம்மதிப்பதில்லை. எடுக்க வேண்டாம், தரைக்குள் இறக்கிப் பதியுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தெரியாமல் இருந்தால் சக்கரம் ஏறிவிடும், மஞ்சள் குங்குமமும் வைக்கலாம். வாசற்படித் தடுப்பு இறங்கிய பிறகு மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வெளியே குறுக்குக் கால்வாய் வெட்டிக் கம்பி மூடி போட வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டினால் முன் சக்கரம் மாட்டும்.

குளியலறையில் கழிப்பறை இருக்கையும் நாற்காலியின் மெத்தையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலிக்காரர் மெத்தையில் உட்கார்ந்திருக்கும்போது அளப்பதே சரி. கைப்பிடிக் கம்பியை ஈரம் ஊறிய சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கினால் கையோடு வந்துவிடும். சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடுங்கள். தண்டுவடம் பாதித்தவருக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைப்பதும் ஹீட்டரைக் காலருகே வைப்பதும் கொப்புளத்தில்தான் முடியும்.

தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடுகளில் (நிர்வாகம் வரிசையாகக் கட்டித் தந்த தொழிலாளர் குடியிருப்பு) தொழிலாளி தானாகக் கதவு நிலையை மாற்ற முடியாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலே வீடு தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. இதையும் அவர்களே செய்து தர வேண்டும். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில் எழும் வீடுகளுக்கு, அஸ்திவாரம் குறிக்கும் முன்பே ‘நாற்காலியில் இருப்பவர் உண்டா’ என்று பொறியாளர் கேட்கட்டும். உண்டு என்றால் மேட்டுப் பக்கம் வாசல், மூன்றரையடி நிலை, வெளியே திறக்கும் குளியலறைக் கதவு ஆகிய மூன்றையும் வரைபடத்திலேயே எழுதிக் கொத்தனார் கையில் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர், கட்டடப் பொறியாளர் ஒருவர்
கோத்தகிரி