பள்ளி டேப்லெட்டை எந்நேரமும் சார்ஜரில் விட வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நூலக வாசலில் புத்தகம் எடுப்பதைப் பதிவு செய்ய ஒரு டேப்லெட்டைச் சுவரில் மாட்டி வைத்திருந்தோம். சார்ஜர் வயரைப் பிடுங்கியதே கிடையாது. போன வாரம் பார்த்தால், திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. உடனே அணைத்து அப்புறப்படுத்திவிட்டோம்; யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தப்பு எங்களுடையதுதான். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய டேப்லெட்டுகளும் பல வீடுகளில் இரவு பகலாகச் சார்ஜரிலேயே கிடப்பதாகத் தெரிவதால் இதை எழுதுகிறேன்.

"நூறு வந்ததும் தானாக நின்றுவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நிற்கும், சரி. ஆனால் கொஞ்சம் இறங்கியதும் மறுபடி ஏறி, பேட்டரி எப்போதும் நிரம்பியே இருக்கும். அதுதான் கெடுதல். டேப்லெட்டில் இருப்பது லித்தியம் அயன் வகை பேட்டரி. முழுச் சார்ஜில் அதன் ஒரு செல் 4.2 வோல்ட்டையோ அதற்குச் சற்று மேலேயோ தொடும். மாதக்கணக்கில் அந்த நிலையிலேயே இருந்தால் உள்ளேயுள்ள திரவம் மெல்லச் சிதைந்து வாயுவாகும். சூடும் சேர்ந்துவிட்டால் இன்னும் சீக்கிரம். வாயு வெளியேற வழியில்லை, உறை உப்புகிறது.

பல டேப்லெட்டுகளில், பேட்டரி அமைப்புகளுக்குள், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் 80 வாக்கில் பிடுங்கி, 20, 30க்கு இறங்கியதும் செருகினால் போதும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு காவல் காக்கச் சொல்லவில்லை. தேர்வு நாளில் நூறு ஏற்றிக்கொண்டு வருவதால் எதுவும் கெட்டுப்போகாது. அப்புறம், "முழுசாகக் காலி செய்துதான் ஏற்ற வேண்டும்" என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பேச்சு. இந்தப் பேட்டரிக்கு அது வேண்டாத வேலை.

மெத்தையிலோ தலையணை அடியிலோ வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது. சார்ஜில் போட்டபடியே மணிக்கணக்கில் வீடியோ பார்ப்பதும் சூட்டைக் கூட்டும். நீண்ட விடுமுறைக்குப் போகும்போது பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். பூஜ்யத்தில் வாரக்கணக்கில் கிடந்தாலும் பேட்டரி செத்துவிடலாம்.

திரை தூக்கினாலோ, பின்பக்கம் புடைத்தாலோ, மேசையில் வைக்கும்போது ஆடினாலோ உடனே சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், குத்தவே கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலும் போட வேண்டாம். துணி, காகிதம் இல்லாத கெட்டியான தரையில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பிள்ளையின் புத்தகப் பையில் வைத்து மட்டும் அனுப்பாதீர்கள். உப்பிய டேப்லெட்டுக்காக யாரிடமும் பணம் கேட்க மாட்டோம், பிள்ளையைத் திட்டவும் மாட்டோம். ஆகவே பயந்து மறைக்க வேண்டாம்.

நூலகத்தில் புதிதாக வைக்கும் டேப்லெட்டுக்கு, குறித்த நேரத்தில் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் டைமர் பிளக் போடுகிறோம். அந்த 80 சதவீத வசதி எங்கே இருக்கிறதென்று தெரியாதவர்கள், இந்த வாரம் முழுவதும் பள்ளி விட்டதும் கணினி அறைக்கு வந்தால் ஆசிரியர்கள் போட்டுக் கொடுப்பார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்